தானா விழணும், தானா வரணும்

சாரல் காலத்தில் தென்காசிக்கு வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் குற்றாலத்தில் குளித்திருப்பீர்கள். பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்டிருப்பீர்கள். ஈரத் துண்டோடு ஊருக்குத் திரும்பியிருப்பீர்கள். இங்கேயே குடியிருப்பவர்களின் சாரல் வேறு. ஆனி, ஆடி இரண்டு மாதமும் துவைத்த துணி காயாது. உப்பு ஜாடிக்குள் உப்பு கசிந்து தண்ணீராக நிற்கும். அப்பளம் நமத்துப்போகும். பத்துக் குச்சி உரசினால் ஒரு குச்சி பற்றும். மரக்கதவு ஊதிப்போய் நிலையோடு இறுகிக்கொள்ளும். தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினால்தான் திறக்கும்.

அந்தத் தள்ளுகிற பழக்கம் எங்கள் வீட்டில் ஒருவருக்கு என்ன செய்தது என்பதை இந்த வாரம் சொல்லப்போகிறேன். சம்பந்தப்பட்டவர் இப்போது இல்லை. அவருடைய மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஆடி மாதம். காலை ஆறு மணி இருக்கும். டெக்ஸாஸிலிருந்து தம்பி போன் பண்ணினான். தம்பி என்றால் சித்தப்பா மகன். தென்காசியில் பிறந்து, எங்கள் வீட்டு முற்றத்தில் கோலி விளையாடி, இன்ஜினீயரிங் முடித்து அமெரிக்கா போய் பதினேழு வருடம் ஆகிறது. அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி ஏழரை மணி.

"அண்ணே, ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன். இங்க தோட்டா மாட்டிக்கிட்டு. அத எடுத்துக்கிட்டே பேசுதேன்."

எனக்குத் தூக்கம் கலையவில்லை. "தோட்டத்துல என்னலே மாட்டிக்கிட்டு?" என்றேன்.

"தோட்டம் இல்லண்ணே. தோட்டா. துப்பாக்கித் தோட்டா."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவனுக்கு வாரக் கடைசியில் சுடுகிற இடத்துக்குப் போய் அட்டையில் குறி பார்த்துச் சுடுவது பொழுதுபோக்கு. நம் ஊரில் கேரம்போர்டு மாதிரி அங்கே அது. அது எனக்குத் தெரியும். தோட்டாவையும் அவனே வீட்டில் செய்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கார் நிறுத்துகிற ஷெட்டில் ஒரு பெஞ்சு போட்டு, கைப்பிடி வைத்த ஒரு பிரஸ் வைத்திருக்கிறானாம். எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். சொன்னான்.

தோட்டா என்பது நான்கு பொருள். பித்தளைக் கூடு, அடியில் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டால் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப் வீணாகிவிடும். கூடு மட்டும் அப்படியே வெளியே வந்து விழும். அதைப் பொறுக்கி வந்து மறுபடி நிரப்புகிறார்கள். ஆனால் சுடும்போது உள்ளே உண்டாகிற அழுத்தத்தில் கூடு கொஞ்சம் உப்பிவிடும். அதை ஓர் எஃகு அச்சுக்குள் விட்டு அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குப் பதில் பித்தளை. பிறகு புது கேப், அளந்த மருந்து, புதுக் குண்டு. குண்டு உட்கார வசதியாகக் கூட்டின் வாயைக் கொஞ்சம் விரிப்பார்கள். குண்டு உட்கார்ந்ததும் விரித்த வாயைத் திரும்ப ஒடுக்குவார்கள்.

அவன் செய்வது 9 மில்லிமீட்டர் தோட்டா. ஜெர்மனியில் 1902-ல் கியார்க் லூகர் வடிவமைத்தது. கூட்டின் நீளம் 19.15 மில்லிமீட்டர். குண்டோடு சேர்த்து மொத்த நீளம் 29.69-ஐத் தாண்டக்கூடாது. கூடு அடியில் 9.93, வாயில் 9.65. அதாவது கால் மில்லிமீட்டர் ஒடுங்கும். இந்தக் கணக்கில் எங்கே பிசகினாலும் தோட்டா துப்பாக்கிக்குள் சரியாக உட்காராது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் பழைய பித்தளை தேடிப் போக வேண்டாம். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப அமெரிக்கச் சட்டம் லைசன்ஸ் கேட்பதில்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருடம்.

"சரிலே, மாட்டிக்கிட்டுன்னா எப்படி மாட்டிக்கிட்டு?"

"தோட்டா முக்காவாசி உள்ள போய் நின்னுட்டு. ஸ்லைடு மூடவும் இல்ல, பின்னால இழுக்கவும் வரல. நல்லா இறுகிட்டு. முன்பக்கக் குழல் வழியா ஒரு கம்பிய விட்டு, சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா வெளிய வந்துரும்னு பாக்கேன்."

பிறகு சிரித்துக்கொண்டே கேட்டான்: "தாத்தாகிட்ட துப்பாக்கி இருந்துச்சுல்லா? மாட்டிக்கிட்டா அவாள் என்ன செய்வாள்?"

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. காரணம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கைத்துப்பாக்கி என்றால் எல்லோரும் சொல்கிற பெயர் ஒன்றுதான். பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கி. அதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் ஓர் அமெரிக்கர். இன்றைக்கு என் தம்பி வைத்திருப்பது மாதிரியான துப்பாக்கிகள் பெரும்பாலும் அந்த மனிதர் கண்டுபிடித்த அமைப்பிலேயே பூட்டிக்கொள்கின்றன. செங்கோட்டையில் சிலையாக நிற்கிற சரித்திரம், டெக்ஸாஸில் கார் ஷெட் பெஞ்சு வரைக்கும் ஒரு நூல் விட்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் இருந்தது கைத்துப்பாக்கி இல்லை. இரட்டைக்குழல். 12 போர். அது என்ன 12 என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால், ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக நுழையும். அதுதான் 12 போர். பதினாறு உருண்டையாக உருட்டினால் 16 போர், குழல் சின்னது. இருபது இன்னும் சின்னது. நம்பர் கூடக் கூட வாய் குறையும். "மனுசனுக்கும் அப்படித்தாம்ல இருக்கணும், வயசு கூடக் கூட வாய் குறையணும்" என்பார் தாத்தா. அவருக்குக் குறையவில்லை.

பண்பொழிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மரச்சீனிக் கிழங்கும் நிலக்கடலையும் போடுவார்கள். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு குடும்பம் இறங்கினால் காலையில் வயல் உழுது போட்ட மாதிரி கிடக்கும். பயிர்க் காவலுக்கென்று லைசன்ஸ் எடுத்து வைத்திருந்த துப்பாக்கி அது. பன்றியைச் சுடுவதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி. மலையில் மோதி எதிரொலிக்கும். அன்றைக்கு ராத்திரி அந்தப் பக்கம் ஒன்றும் வராது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் போய் வாங்கி வர வேண்டும். தாத்தா அதைப் பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்பி அழைத்து வருகிற மாதிரி செய்வார். துணியால் துடைத்து, எண்ணெய் போட்டு, சுருட்டிக்கொண்டு போவார்.

தோட்டா கடையில் வாங்குவதுதான். எத்தனை வாங்கினோம் என்பதை லைசன்ஸ் புத்தகத்தில் எழுதித் தருவார்கள். அடியில் பித்தளை, மேலே மெழுகு பூசிய காகிதக் கூடு. அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி 1960-லேயே பிளாஸ்டிக் கூட்டைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் 1978-லும் காகிதம்தான். காகிதம் என்றால் சாரலுக்குக் கொண்டாட்டம். வெள்ளைக்காரன் காலத்திலேயே இது தெரிந்த சங்கதி. மழை நாடுகளுக்கென்று ஈரம் ஏறாதபடி பூச்சுப் பூசிய காகிதக் கூடுகளை இங்கிலாந்தில் செய்தார்கள். முழுக் கூட்டையும் பித்தளையிலேயே செய்து விற்றார்கள். பித்தளை நமக்காது. காகிதம் நமக்கும். நமத்தால் ஊதும். ஊதின கதவு நிலையில் இறுகுகிற மாதிரி, ஊதின தோட்டா குழலில் இறுகும்.

1978 ஆடி மாதம். எனக்கு ஒன்பது வயது. பதினோரு நாளாக வெயில் இல்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ஓலைக் கொட்டகைத் திண்ணையில் நான், தாத்தா, சித்தப்பா. சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கடலை வறுத்துத் தின்றுகொண்டிருந்தோம்.

கீழ்ப்புறம் சலசலவென்று சத்தம் கேட்டது. தாத்தா துப்பாக்கியை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பா மடக்கித் திறந்து ஒரு தோட்டாவை வைத்தார். போகவில்லை. ஒரு நெல்மணி கனத்துக்குப் பித்தளை விளிம்பு வெளியே நின்றது. கட்டை விரலால் அமுக்கினார். அசையவில்லை.

"நமத்துட்டுப்பா. வேற ஒண்ணு பாக்கட்டா?"

இந்த இடத்தில் தாத்தா என்ன சொன்னார் என்பது என் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

"வேற பாத்துக்கிட்டு இருந்தா பன்னி காத்துக்கிட்டு இருக்குமால? அமுக்கிச் சாத்துல. ஆம்பளப் பயதானே."

சித்தப்பா இடது கையால் குழலின் அடியைச் சேர்த்துப் பிடித்து, முழங்காலில் வைத்து ஓங்கிச் சாத்தினார்.

வெடித்துவிட்டது. அவர் குதிரையைத் தொடவே இல்லை. நான் பார்த்தேன். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, ங்ஙொய் என்ற ஓசையைத் தவிர. பிறகு சித்தப்பா, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா" என்று சொல்வது கேட்டது. அடிபட்டவர் அவர். ஆறுதல் சொன்னவரும் அவர்தான்.

பண்பொழியில் ஒரு வாடகைக் காரைப் பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. துப்பாக்கி மேல்நோக்கி இருந்ததால் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு துப்பாக்கி மெக்கானிக் வந்தார். வயதானவர். எல்லோரும் 'ஆசாரி' என்றுதான் கூப்பிட்டார்கள். துப்பாக்கியைக் கழற்றி வேட்டியில் பரப்பினார். கேப்பைக் குத்துகிற ஊசி பின்வாங்காமல், துருவேறி வெளியே நீட்டிக்கொண்டு நின்றதைக் காட்டினார். அடித்துச் சாத்தியபோது அந்த ஊசியே கேப்பில் குத்திவிட்டது. குழல் முழுசாகப் பூட்டுவதற்கு முன்னால் தோட்டா வெடித்ததால், அதன் வேகம் பின்பக்கமாகத் திரும்பிவிட்டது. காகிதத்தை ஊத வைத்த அதே சாரல்தான் ஊசியையும் துருப்பிடிக்க வைத்திருக்கிறது.

ஆசாரி யாரையும் திட்டவில்லை. தாத்தாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"அய்யா, தோட்டா உள்ள போகலன்னா காரணம் மூணுல ஒண்ணுதான். தோட்டாவுல கோளாறு, இல்ல குழல்ல கோளாறு, இல்ல அந்தத் தோட்டா அந்தக் குழலுக்கு உள்ளது இல்ல. எதுன்னு தெரியுத வரைக்கும் தொடப்படாது. அது போகமாட்டேன்னு நிக்கிறது நமக்குச் சொல்லுத சேதி. சேதிய அமுக்கப்படாது."

பிறகு குழலைத் தனியாகக் கழற்றி என் கையில் கொடுத்து நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். மிச்சமிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக அதில் போட்டுக் காட்டினார். நல்ல தோட்டா தானாக வழுக்கிப் போய் 'டொக்'கென்று உட்கார்ந்தது. குழலைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழுந்தது. நமத்தது பாதியில் நின்றது. "தானா விழணும், தானா வரணும். ரெண்டும் நடந்தாத்தான் துப்பாக்கியில போடணும்" என்றார். இருபத்தைந்தில் ஒன்பது தேறவில்லை.

அடுத்து வந்தது 1980 தேர்தல். தாத்தா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். திரும்ப வாங்கப் போகவில்லை. லைசன்ஸையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ராத்திரியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி, 1982-ல் தம்பி பிறந்தான். அப்பாவின் விரலைப் பற்றி அவன் கேட்டபோது "ரைஸ் மில் பெல்ட்ல மாட்டிக்கிட்டு" என்று சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். நாற்பது வருடம் சொன்னேன்.

இப்போது போனில் அந்தத் தம்பி. கையில் சுத்தியல்.

"ஏலே, சுத்தியலக் கீழ வை."

"ஏண்ணே?"

"வைன்னா வை. விரல் குதிரையில இல்லையே? துப்பாக்கி மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு? புள்ளைக எங்க?"

பிள்ளைகள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி, மண் நிரப்பிய வாளியைப் பார்த்தபடி இருந்தது. அதற்கென்றே வைத்திருக்கும் வாளியாம். அந்த மட்டும் புத்தி இருந்தது.

யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிருள்ள தோட்டா. கேப் இருக்கிறது, மருந்து இருக்கிறது. முன்பக்கக் குழல் வழியாகக் கம்பி விட்டுத் தட்ட வேண்டுமென்றால் கை எங்கே இருக்கும்? குழல் வாய்க்கு நேர் எதிரே. இன்ஜினீயருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கையில் சுத்தியல் இருக்கும்போது, இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"நாளைக்கு ரிப்பேர் பண்ணுதவன்ட்ட கொண்டு போ" என்றேன்.

"இதுக்குப் போயா? அம்பது டாலர் கேப்பான்ணே. நானே..."

அப்போதுதான் சொன்னேன். "உங்க அப்பாவுக்கு விரல் போனது ரைஸ் மில்லுல இல்லலே."

மறுமுனையில் சத்தமே இல்லை. நான் சொல்லி முடித்தேன். ஓலைக் கொட்டகை, கடலை, நெல்மணி கனம், 'அமுக்கிச் சாத்துல' எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவன் கேட்டான், "அண்ணே, இத ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?"

"அப்புறம் பேசுவோம். மொதல்ல ஷெட்டைப் பூட்டிட்டு உள்ள போ."

மறுநாள் அவனே கூப்பிட்டான். ரிப்பேர்க்காரருக்கு முதலில் போன் செய்து, அவர் சொன்ன மாதிரி கொண்டுபோயிருக்கிறான். அவர் அதற்கான இடத்தில் வைத்து, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக இழுத்திருக்கிறார். கூடு மட்டும் வந்ததாம். மருந்து சிந்தியதாம். குண்டு குழலுக்குள்ளேயே கவ்விக்கொண்டு நின்றுவிட்டதாம். குழலுக்குள் குண்டு நிற்பது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே பிளந்துவிடும். "பாத்துக்கிட்டே நின்னேண்ணே, காலு ரெண்டும் நடுங்கிட்டு" என்றான்.

காரணம்? அந்த வாரம் அவன் வேறு வடிவக் குண்டுக்கு மாறியிருக்கிறான். பழைய குண்டுக்கு வைத்த நீளத்தையே இதற்கும் வைத்துவிட்டான். மொத்த நீளம் 29.69-க்குள்தான் இருந்தது. ஆனால் புதுக் குண்டின் தோள் பருமன். குழலுக்குள் இருக்கிற திருகு வரிகளில் போய் முட்டி இறுகிவிட்டது. புத்தகத்து அளவு சரி. இந்தக் குழலுக்கு இந்தக் குண்டுதான் சரியில்லை. ஆசாரி சொன்ன மூன்றாவது காரணம்.

ரிப்பேர்க்காரர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். செய்த தோட்டா முழுவதிலும் மார்க்கர் பேனாவால் கறுப்பு அடி. குழலைத் தனியாகக் கழற்றி அதில் போடு. இறுகினால் எடுத்துப் பார். எங்கே கறுப்பு உரிந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு. குண்டின் மேல் உரிந்தால் நீளம் அதிகம். கூட்டின் வாயில் உரிந்தால் விரித்ததைச் சரியாக ஒடுக்கவில்லை. நடுவில் ஒரு பக்கம் மட்டும் உரிந்தால் குண்டு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அடியில் உரிந்தால் உப்பின கூட்டை அச்சு முழுசாக ஒடுக்கவில்லை. எங்கேயும் உரியாமல் இறுகினால் குழலைத் துடை, அழுக்கு. எல்லாம் சரியாக இருந்தால் தோட்டா 'டொக்'கென்று விழும், விரலால் சுற்றினால் சுற்றும், கவிழ்த்தால் தானாக வரும்.

"அண்ணே, அந்த ஆசாரி சொன்னதும் இதும் ஒண்ணுதாண்ணே" என்றான். திருநெல்வேலி ஆசாரி டெக்ஸாஸ் பார்த்தவர் இல்லை. டெக்ஸாஸ்காரருக்கு நமத்த தோட்டா தெரிந்திருக்காது. இரண்டு பேரும் ஒரே வேலையைக் கையால் செய்தவர்கள். அவ்வளவுதான்.

இந்த வருடம் ஆனி மாதம் தம்பி குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். பிள்ளைகளை ஐந்தருவியில் குளிக்க விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட கேள்வியைக் கேட்டான்.

"ரைஸ் மில்லுன்னு கதைய யாருண்ணே கட்டினது? தாத்தாவா?"

"உங்க அப்பாதாம்ல."

அவன் நம்பவில்லை. ஆனால் அதுதான் உண்மை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சித்தப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏய், யாரும் கேட்டா அப்பா சொல்லித்தான் சாத்தினேன்னு சொல்லாத, என்னா? அவருக்கு அது போதும், நாமளும் சொல்ல வேண்டாம்." பிள்ளை பிறந்த பிறகு அதையே இன்னும் கொஞ்சம் மாற்றி ரைஸ் மில் ஆக்கிவிட்டார். பேரன் தாத்தா மடியில் உட்காரும்போது அவனுக்கு வேறு நினைப்பு வரக்கூடாது என்று.

தாத்தா கடைசி நாலு வருடம் படுக்கையில் இருந்தார். கை நடுக்கம். நாவிதர் வருகிற நாள் வரைக்கும் பொறுக்க மாட்டார். சித்தப்பாதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் சவரம் பண்ணிவிடுவார். வலது கையில் ரேசர். தாத்தாவின் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடிக்க அந்த இடது கை. மிச்சமிருந்த விரல்களால் அவர் இழுத்துப் பிடிக்கும்போது தாத்தா கண்ணை மூடிக்கொள்வார். முடிந்து முகம் துடைத்த பிறகுதான் திறப்பார். சோப்பு எரிச்சல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அருவிக் கரையில் முகம் நனைந்திருந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது, நானும் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசல் கதவு வழக்கம்போல இறுகியிருந்தது. அவனுடைய பத்து வயதுப் பையன் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான். தம்பி அவனைப் பிடித்து நிறுத்தினான். "இரு, எங்க உரசுதுன்னு பாப்போம்" என்று கீழே குனிந்தான். அடிப்பக்கம் ஒரு சில்லு ஊதியிருந்தது. மறுநாள் தச்சாசாரியை வரச்சொல்லி இழைக்கச் சொன்னான்.

இந்த ஆடியில் எங்கள் கதவு தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. உங்கள் வீட்டுக் கதவையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.